பின்னால் வெறும் சீற்

வெளியே இக்காஸ்ட் நகரில் மழை தூறுகிறது. வரவேற்பறைத் தொலைக்காட்சியில், தேவநாயகம் மோட்டார் சைக்கிளில் போனபடி எடுத்த அமெரிக்கப் பாலைவனப் பள்ளத்தாக்கு செக்கச்செவேலென்று விரிகிறது. தேநீர்த் தட்டுடன் வந்த மனைவி இன்பமலர் அப்படியே நிற்கிறாள். கோப்பைகளின் ஆவியிலும் அவள் கன்னத்திலும் அந்தச் சிவப்பு அசைகிறது. "நேரில இன்னும் வடிவா இருந்திருக்கும், என்னக்கா?" என்கிறாள் விருந்துக்கு வந்த ஷரோன். "எனக்கென்ன தெரியும் பிள்ளை? இவர் பாக்கப் போற நேரமெல்லாம் நான் கேம்பர் வானுக்குள்ள சோறு காய்ச்சினன்." சிரித்துத்தான் சொல்கிறாள். மோட்டார் சைக்கிளின் பின்சீற் வெறுமையாகத்தான் கிடந்தது. ஒருதரமாவது அவளிடம் 'ஏறும்' என்று சொல்லியிருக்கலாம். தேவநாயகம் அவசரமாக ரிமோட்டைத் தேடுகிறார். அதற்குள் படத்தில் அந்தக் கேம்பர் வான் வந்துவிடுகிறது. பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நிற்கும் அதன் சின்ன ஜன்னலில் ஆவி படிந்திருக்கிறது. உள்ளிருந்து ஒரு கை அதைத் துடைக்கிறது. அவருடைய குரலே உற்சாகமாகக் கேட்கிறது: "இஞ்சேரும், சோறு அவிஞ்சிட்டுதோ?"