நாலு மாசம் பத்து நாள்

"வெளிய விட முடியாதுன்னா முடியாதுதான்!"

நிலைப்படியை மறித்து நின்றாள் குல்சார் பேகம். தேடி வந்த சின்னத்தாய்க்குச் சுள்ளென்று ஏறியது.

"ஒங்க மருமகளக் கூப்பிடுங்கம்மா, அவகிட்டப் பேசிக்கிடுதேன். நாளைக்கு நசிமா கம்பெனி வேன் ஏறலைன்னா அவ எடத்துல வேற ஆளப் போட்டுருவேன்னு போர்மேன் சொல்லிட்டாரு. தீபாவளி சீசன்! வெடிச்சரம் பின்னுறதுல அவ கை மாதிரி ஒரு கை எங்க கம்பெனியிலயே கெடையாது."

"அவ இத்தாவுல இருக்கா. புருசன் மவுத்தாகி நாப்பது நாள்தான் ஆகுது. நாலு மாசம் பத்து நாள் வீட்டுலதான் இருக்கணும். மார்க்கத்துல சொல்லிருக்கு."

"எப்பச் சொன்னது?"

"ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னால."

"அப்படிப் போடுங்க! அன்னைக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்துச்சா? சாத்தூர் முழுக்கச் செல்போன வச்சுக்கிட்டுத் திரியுறாக. நீங்க ஒரு பொம்பளப் புள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வச்சுருக்கீக. ஒங்க மகன் அன்வரு இருந்தா இப்படி விடுவானா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது!

குல்சார் பேகம் கோபப்படவில்லை. "மெதுவாப் பேசு" என்றாள்.

சின்னத்தாயும் லேசில் விடுகிறவள் இல்லை. "எங்க வீட்டுக்காரரு ஆண்டிச்சாமி போன அஞ்சாம் நாளே நான் வேன் ஏறிட்டேன். தெரியும்ல?"

இதை அவள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வாள். நம்ம பக்கம் அது பெருமைதானே.

"சரி, ஒங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தையாவது போயிக் கேட்டீகளா? பொழப்புக்குன்னா ஒரு வழி சொல்ல மாட்டாரா?"

குல்சார் பேகம் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். சட்டென்று சின்னத்தாயின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. நசிமா பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விரல்களில் வெடிமருந்துக் கறையே இல்லை. அந்தக் கையைக் கறை இல்லாமல் சின்னத்தாய் பார்த்ததே கிடையாது.

"கேட்டேன், தாயி" என்றாள் குல்சார் பேகம், ரகசியமாக. "வேற வழி இல்லைன்னா பகல்ல வேலைக்குப் போயிட்டுப் பொழுதடைய வீட்டுக்கு வந்துரலாம்னு ஹஜ்ரத்து அன்னைக்கே சொல்லிட்டாரு. நாந்தான் இவகிட்டச் சொல்லலை."

"ஏன்?"

"சொன்னா நாளைக்கே ஓடிருவா. சின்ன வயசுலருந்து விடியுமுன்ன வேன் ஏறுன புள்ள. புருசனுக்காக இன்னும் முழுசா அழுது முடிக்கலை. எந்த முதலாளி இவளுக்கு நாலு மாசம் லீவு குடுப்பான்? அல்லா குடுத்திருக்கான், அத நான் ஏன் கெடுக்கணும்? இடியாப்பம் அவிச்சு விக்கேன், ரெண்டு வயித்துக்கு அது போதும். சொல்லாம மறைச்சதுக்கு மறுமையில நானே பதில் சொல்லிக்கிடுதேன்."

சின்னத்தாய்க்கு மேலெல்லாம் சிலிர்த்தது. எங்கேயோ ஒரு பாலைவனத்தில், எந்தக் காலத்திலோ சொன்ன சொல். அது இத்தனை வருசம் நடந்து வந்து, இந்தச் சாத்தூர்த் தெருவில் ஒருத்திக்குப் பாய் விரித்துப் போட்டிருக்கிறது. அம்மாடி!

"நீ எப்ப அழுத, தாயி?"

சின்னத்தாய் யோசித்துப் பார்த்தாள். அப்பவும் சீசன்தான். அப்பவும் ஆர்டர் நெருக்கடிதான். அழுத ஞாபகமே வரவில்லை.

பாயின் ஓரமாக உட்கார்ந்தாள். ஆண்டிச்சாமியை நினைத்து, நசிமா முழித்துவிடாமல், மத்தியானம் வரைக்கும் அழுதாள்.

மறுநாள் விடியக்காலம். வேன் பக்கத்தில் போர்மேன் கண்ணுச்சாமி நின்றார்.

"எங்கன அவ?"

"வரமாட்டா அண்ணாச்சி. அவுக சாமி உத்தரவு. மருந்துக்கு நடுவுல பொழைக்கிறோம், எந்தச் சாமி சொன்னா என்ன, மீறலாமா? அவ வார வரைக்கும் அவ சரத்தையும் சேத்து நான் பின்னுதேன். அவ எடத்துல மட்டும் கை வச்சுராதீக."

போர்மேன் நெற்றித் திருநீற்றை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும். ஆனா இந்தக் காலத்துல... ஹஜ்ரத்துகிட்டச் சொல்லிக் கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

"மூச்! ஒரு நாள் கொறையக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்காரு அண்ணாச்சி!" என்றபடி வேனில் ஏறினாள் சின்னத்தாய்.