மாவு அண்டாவில் விழுந்தவர்

ராசிபுரம் தியேட்டரில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜம்மாளின் கணவன் பாலசுந்தரம் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, உங்களுக்குச் சிரிப்பே வல்லீங்களா?"

"இப்பப் பாரு. வாழைப்பழத் தோல்ல வழுக்கி, மாடிப்படியில உருண்டு, மாவு அண்டாவுல உழுவாரு."

காமெடியன் அப்படியே விழுந்தார். தியேட்டர் அதிர்ந்தது. ராஜம்மாளின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னைய உட்டுப்போட்டு முன்னாடியே பாத்துட்டீங்க! யாருகூட வந்தீங்க?"

"சத்தியமா இந்தப் படத்தை இன்னைக்குத்தான் பாக்கறேன் புள்ள."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

பாலசுந்தரம் குரலைத் தாழ்த்தினான். "தை மாசம் தறிக்கு நூல் வாங்கச் சேலம் போனனில்ல? அங்க ஸ்டூடியோவுல, காமெடியனுக்குப் பதிலா உழுவறதுக்கு அவரு ஒசரத்துல ஆள் தேடினாங்க. படியில உருண்டது நாந்தான். மூணு தடவை உருட்டினாங்க. இப்பப் பாத்தாலும் இடுப்பு வலிக்குது."

"பஸ்ஸுல இருந்து உழுந்துட்டேன்னீங்க! பத்து நாளு ஒத்தடம் குடுத்தேனே!"

"சினிமாவுல நடிச்சேன்னு தெரிஞ்சா உங்கப்பாரு சும்மா உடுவாரா?"

ராஜம்மாள் அவனை முறைத்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு முன் வரிசையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்த அம்மாளின் தோளைத் தட்டினாள்.

"நல்லாச் சிரிங்க அக்கா! உழுந்தது எங்க ஊட்டுக்காரருங்க!"