வாக்கியக் கணக்கு

'டங்!'

மலையாளச் சீமைச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நஜீமின் கம்ப்யூட்டர் கடையில் அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது.

'இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது' என்றது திரை.

"ஓடுலீங்களா தம்பி?" மருதாத்தாளின் முகம் சுருங்கியது. பக்கத்தில் மகள் சித்ரா எட்டிப் பார்த்தாள்.

வாக்கியப் பஞ்சாங்கப்படி ஜாதகம் கணிக்கும் பழைய மென்பொருள் அது. விண்டோஸ் வருவதற்கு முந்தைய டாஸ் காலத்தது. கடையில் அது குடியிருந்த கம்ப்யூட்டர் போன மழையில் இடி இறங்கிக் கருகிப்போனது; மிஞ்சியது ஒரு சிடி நகல்தான்.

புதிய மென்பொருளும் நஜீமிடம் இருந்தது. ஆனால் அதற்குத் திருக்கணிதப் பஞ்சாங்கம் மட்டுமே தெரியும்.

சித்ரா பிறந்ததோ நட்சத்திரம் மாறுகிற நேரத்தில். வாக்கியத்தில் ஒரு நட்சத்திரம். திருக்கணிதத்தில் அதற்கு அடுத்தது. அந்த அடுத்ததில் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை.

ரஜ்ஜு இல்லையென்றால் கல்யாணமும் இல்லை.

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் வாக்கியத்தைத்தான் நம்புவார்கள். சாயங்காலத்துக்குள் ஜாதகம் கைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"இந்த எடம் தட்டிப்போனா அவ்ளோதானுங்க தம்பி. எப்புடியாச்சும் ஓட்டியுடுங்க."

நஜீமுக்கு வீம்பு வந்துவிட்டது. பழைய விண்டோஸ் போல இயங்கச் சொல்லிப் பார்த்தான். 'டங்!'

கடைசியில், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் ஒரு குட்டி மென்பொருளை இறக்கினான். அதற்குள் ஜாதக மென்பொருளைத் தூக்கிப் போட்டான்.

"அப்ப, புதுசுக்குள்ள இருக்கறதே அதுக்குத் தெரியாதுங்களா?" சித்ரா கேட்டாள்.

"தெரியாதும்மா. இன்னும் டாஸ் காலம்னே நெனச்சுக்கிட்டிருக்கும்."

"எங்கூட்டுக்காரராட்டன்னு சொல்லுங்க!" என்றாள் மருதாத்தாள்.

திரை கறுத்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூலையில் பிள்ளையார் சுழி; கீழே கோணல்மாணலான தமிழ் எழுத்துகள்.

ஓடுகிறது!

பெண்ணின் பிறந்த நேரம் கேட்டது. தட்டினான். மாப்பிள்ளையின் நேரம். அதையும் தட்டினான்.

ரஜ்ஜு: உண்டு.

மருதாத்தாள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

நஜீம் பிரிண்டருக்குத் தாள் வைத்தான்.

சித்ரா ஒருமுறை வாசலைப் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனுங்ண்ணா, என்ர பொறந்த நேரத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டா, இதும் பொருந்தலைன்னு சொல்லிப்போடுமுங்களா?"