ஜோடி பிரித்தவள்

கொடியிலிருந்து அள்ளி வந்த துணி கட்டில்மேல் மலையாகக் குவிந்து கிடந்தது. அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தாள் மகள்.

"நான்தான் மடிப்பேன். நீங்க சும்மா பாருங்க."

லிஃப்ட் மெக்கானிக் சும்மா பார்த்தான். வாரம் முழுக்க ஊரார் லிஃப்டைக் கழற்றி மாட்டிய இடுப்பு, ஞாயிற்றுக்கிழமை மதியம் உதவிக்கு ஆள் வந்தால் வேண்டாமென்றா சொல்லும்? வந்த ஆளுக்கு வயது ஐந்து, அதுதான் சின்னச் சிக்கல்.

துண்டை நாலாக மடித்தாள். மேலே ஏறி நின்று மிதித்தாள். அதுதான் இஸ்திரியாம்.

அவனுடைய சட்டைக்குக் கைகட்டிவிட்டு, "ஆடாம இரு" என்று அதட்டினாள்.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சிரித்தால் வேலைநிறுத்தம் செய்துவிடுவாள்.

சாக்ஸ் முறை வந்தபோதுதான் கவனித்தான்.

மஞ்சளில் ஒன்று அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. இன்னொன்று அவள் தோள்பைக்குள் போனது. பூனை முகம் போட்டதும் அப்படியே. பச்சைக் கோடும் அப்படியே.

ஜோடி சேர்க்கத் தெரியவில்லை போலிருக்கிறது. தட்டிலிருந்த பூனையை எடுத்துக் காட்டினான்.

"இதுக்கு ஜோடி எங்கம்மா?"

கண் மூடித் திறப்பதற்குள் பையில் கைவிட்டு மற்ற பூனையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை. பிறகு இரண்டையும் பிரித்து, பழையபடி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டாள்.

நின்றுபோன லிஃப்ட் ஏன் நின்றதென்று கண்டுபிடிக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. இதுவும் அப்படித்தான் குடைந்தது. தரையில் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான்.

"ஏன் பிரிக்கிற?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் காதில் வாய் வைத்துச் சொன்னாள்.

"ஒண்ணு இங்க இருந்தாத்தான் அம்மா தேடுவாங்க. கீழயே நின்னு ஹார்ன் அடிக்க மாட்டாங்க. எடுக்க மேல வருவாங்க."

சனி, ஞாயிறு பிள்ளை அவனிடம். மற்ற ஐந்து நாளும் அம்மாவிடம். எட்டு மாதமாக இப்படித்தான் ஓடுகிறது. ஞாயிறு சாயங்காலம் தெருவில் ஒரு ஹார்ன், படியிறங்கும் பிள்ளை, அவ்வளவுதான்.

பையைத் திறந்து ஜோடிகளைச் சேர்த்து வைப்பதுதான் நியாயம். அவனுக்குக் கை எழவில்லை.

அழைப்புமணி அடித்தது.

கதவைத் திறந்தால், பிள்ளையின் அம்மா. மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. உள்ளே வராமலே கனமான ஒரு துணிப்பையை நீட்டினாள்.

"உங்க சாமானெல்லாம் எங்க வீட்டுக்கு எப்படி வருதுன்னே புரியல. வாரம் ஒண்ணு வந்து சேருது."

அவன் பைக்குள் பார்த்தான். கண்ணாடிக் கூடு. வேலைக் கையுறையில் ஒன்று. ஸ்பேனர். ஒரு செருப்பு, அதுவும் இடதுகால் மட்டும். யாரோ திருடிவிட்டதாக அவன் காவலாளியிடம் சண்டை போட்ட செருப்பு.

இருவரும் ஒரே சமயத்தில் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஆள் இல்லை.

சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மேடையில் தம்ளர் வைக்கும் சத்தம்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவதற்காகக் காத்து நின்றார்கள் இருவரும்.