கொடி இறங்கும் வரை

அவன் கையில் துப்பாக்கி இல்லை. ஊதுகுழல்தான் இருந்தது.

படையில் அவனைப் பீப்பீ என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டைக்கு வந்தாயா, கல்யாணத்துக்கு வந்தாயா என்று கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

இன்று யாரும் கேலி செய்யவில்லை.

முன்வரிசையில் பதினைந்து பேர் முழங்காலை ஊன்றியிருந்தார்கள். பின்வரிசையில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எதிரே, தாலுகா அலுவலக வாசலில், தார்ச்சாலையில் ஊரே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஏரியைக் கம்பெனிக்குக் கொடுக்காதே என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு கல்கூட யாரும் எறியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இப்போது கோஷமும் ஓய்ந்துவிட்டது. ஒரு பெண் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சுடப் போகிறோம் என்றார் மேஜர்.

இதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் இவன் ஊத வேண்டும். பிறகு எச்சரிக்கைப் பதாகையை விரிக்க வேண்டும். கலைந்துபோகும்படி ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொல்ல வேண்டும். தாசில்தார் கையெழுத்துப் போட்ட தாள் வர வேண்டும். அதற்கும் பிறகு, வேறு வழியே இல்லை என்றால்தான் சுடுவது.

தாசில்தார் மத்தியானமே காரில் ஏறிப் போய்விட்டார். பதாகை வண்டிக்குள் சுருட்டியபடி கிடந்தது. ஊதட்டுமா என்று இவன் கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, குறி பார்க்கச் சொன்னார் மேஜர்.

முப்பது துப்பாக்கிகள் தோளுக்கு ஏறின.

முப்பது பேரும் தங்கமான பையன்கள். காலையில் இந்த ஊர்க் கிணற்றில் குளித்தவர்கள். ஆனாலும் சொன்னால் சுட்டுவிடுவார்கள். அப்படித்தான் பழக்கியிருக்கிறது. மனசு யோசிப்பதற்குள் உடம்பு செய்து முடித்துவிடும்.

உடம்பு செய்து முடித்துவிடும்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அலுவலக மொட்டைமாடியில் கொடி பறந்துகொண்டிருந்தது. காலையில் அதை ஏற்றியவர் காவலாளி மாசிலாமணி. சும்மா நின்ற இவன் பழக்கதோஷத்தில் ஊதிக் கொடுத்தான். அவருக்கு வாயெல்லாம் பல். மாடிக்கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராகப் போய் ஊரோடு ஊராக ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பதினோரு வருடத்தில் அவன் கொடியிறக்க ஊதலை ஒரு நிமிடம் முன்பின் ஊதியதில்லை.

குழலை உதட்டில் வைத்தான்.

அந்த ஊதலைக் கேட்டால் சிப்பாய் எங்கிருந்தாலும் விறைத்து நிற்க வேண்டும். சாப்பிடுகிறவன் தட்டை வைத்துவிட்டு எழுவான். சவரம் செய்கிறவன் பாதி சோப்பு நுரையோடு நிற்பான். கொடி கீழே வரும் வரை அசையக் கூடாது.

முதல் சுரத்திலேயே முன்வரிசை எழுந்துவிட்டது. முப்பது துப்பாக்கிகளும் தோளை விட்டு இறங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டன. முப்பது முகங்களும் மாடியைப் பார்த்தன. மேஜரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

அவனுக்கே நம்ப முடியவில்லை. ஊதும்போதே கண்ணில் நீர் கட்டியது.

எவ்வளவு நேரம்தான் ஊத முடியும். இழுத்து இழுத்து ஊதினான். கடைசி சுரம் உதட்டிலேயே உடைந்தது.

குழலை இறக்கினான்.

மேஜருக்குப் புரிந்துவிட்டது. நெற்றியிலிருந்த கையை வெடுக்கென்று இறக்கி, சுடச் சொல்லிக் கத்தினார்.

யாரும் அசையவில்லை.

மறுபடி கத்தினார். முன்வரிசையில் ஒருவன் ஓரக்கண்ணால் மேஜரைப் பார்த்துவிட்டு, மறுபடி மாடியைப் பார்த்தான். ஊதல் முடிந்து வெகுநேரமாகிவிட்டது. இப்போது நிற்பது பழக்கத்தால் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. முப்பது பேரும் யோசித்துவிட்டார்கள். வேலை போகும், ஜெயில்கூட வரும் என்று தெரிந்தேதான் நிற்கிறார்கள்.

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் இவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டும் இவர்களைத் தெரிந்துகொள்ளவில்லையே என்று இருந்தது.

ஹவில்தார் பாக்கியநாதன் இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அதிகாரிகளிடம் சரி சார் என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. மாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கொடி இன்னும் எறங்கலியே, சார்."

மேஜர் அண்ணாந்து பார்த்தார். பிறகு வண்டிக்கு ஓடினார். எச்சரிக்கை சொல்ல எடுக்காத ஒலிபெருக்கியை இப்போது எடுத்தார். கொடியை இறக்குகிற ஆள் யார், உடனே எழுந்து வரட்டும் என்றார்.

ஆள் யார் என்று அந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தி, எதிரே நேராகப் பார்த்தாள்.

அவன் மட்டும் உட்கார்ந்திருந்தவர்களின் மூன்றாவது வரிசையைப் பார்த்தான்.

மாசிலாமணி இடுப்பிலிருந்து சாவியை உருவினார். அதைத் தார்ச்சாலையில் வைத்தார்.

கொஞ்சம் நகர்ந்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.