சிவக்கும் குச்சி

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இருதயராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய கட்டடங்களில் ஈயப் பெயிண்டைச் சுரண்டுவதற்கென்றே பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவன் அவன். தரையில் பிளாஸ்டிக் விரிக்காமல், சுவரை நனைக்காமல் ஒருநாளும் சுரண்டியதில்லை. வேலை உடுப்பையும் செருப்பையும் அங்கேயே கழற்றிப்போட்டுத் தலைக்குக் குளிப்பான். பிறகு, வேலை நேரம் முழுக்கக் கழுத்தில் தொங்கிய சான்றிதழ் அட்டையை, தெரு பார்க்கட்டும் என்று மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவான். அப்புறம் எந்த வழியாக வந்தது?

"நம்ம வீட்டுச் சுவர்லயே இருக்குமோ?" என்றாள் மனைவி பிளேவியா.

ஈயம் பட்டால் சிவக்கும் சோதனைக் குச்சியால் சுவர், ஜன்னல், தொட்டில் என்று ஒன்றுவிடாமல் தேய்த்துப் பார்த்தான். எதிலும் சிவக்கவில்லை. குழம்பிப்போய் உட்கார்ந்தவன் மடியில் குழந்தை தவழ்ந்து ஏறியது. கழுத்து அட்டையை இழுத்து, பல் முளைக்கிற ஈறால் கடித்தது.

"விடுங்க, தினமும் அதைக் கடிச்சாத்தான் அவளுக்கு அழுகை நிக்குது."

இருதயராஜ் அட்டையை அவள் வாயிலிருந்து மெல்ல உருவினான். எச்சில் காயாத அதன்மேல் குச்சியை ஒரு தேய் தேய்த்தான். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்த அவன் முகத்தின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. குழந்தை இரண்டு கையையும் நீட்டி, அட்டையைக் கேட்டு அழத் தொடங்கியது.