எலிகள் நலம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை எலி கடிக்கட்டும்.

ஆய்வுக்கூடத்து எலிகளைச் சரியாகப் பராமரிக்கிறார்களா என்று சோதிக்க, கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். ஏசி அறை, வேளாவேளைக்குத் தீனி; எலிகள் கொழுகொழுவென்றிருந்தன. தீனி அளந்துகொண்டிருந்த பெண்தான் வாடி வதங்கிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இவங்களுக்கு என்ன தர்றீங்க?" அவளைக் காட்டிக் கேட்டார் கோட்டுக்காரர்.

"ஆராய்ச்சி மாணவி சார். அனுபவம் தர்றோம்," என்றார் பேராசிரியர்.

"அதை எலிக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"செத்துடும் சார்."

கோட்டுக்காரர் அவளிடம் திரும்பினார். "உதவித்தொகை கடைசியா எப்ப வந்துச்சு?"

"போன மழைக்கு முன்னாடி சார். வாடகை தரலைன்னு வீட்டுக்காரர் பூட்டை மாத்திட்டார். ஒரு கூண்டு காலியானா குடிவந்துடுவேன்."

கோட்டுக்காரர் மேசையில் ஓங்கி அறைந்தார். எலிகளெல்லாம் மரியாதையாக எழுந்து நின்றன.

"நாளைக்குள்ள இந்தப் பொண்ணுக்கு மொத்தப் பாக்கியும் போகணும். இல்லைன்னா கூடத்தையே இழுத்துப் பூட்டிடுவேன்."

பேராசிரியர் அவசரமாகத் தலையாட்டினார்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். "சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க சார். அப்புறம் மாத்திப் பேசுவாங்க."

கோட்டுக்காரர் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்துப் போடுற அதிகாரி வரலைங்க. நான் அந்த ஆபீஸ்ல சம்பளம் இல்லாம, அனுபவத்துக்காக வேலை பாக்கிறவன்."